கால் மிதியும் பாஸ்கல் விதியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பையன் வந்து நின்றான். கையெல்லாம் கரி. "தாத்தா, நீங்கதான் அந்தக் காலத்துல காரை நீங்களே கழற்றிப் பார்ப்பீங்கன்னு அப்பா சொன்னார். வீடியோ பார்த்து முன் சக்கரத்துக்குப் புது பிரேக் பேடு போட்டேன். இப்போ பெடல் தரை வரைக்கும் போகுது. பிரேக்கே இல்லை" என்றான்.

"வண்டியை எடுத்தியா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை. வாசல்லதான் நிக்குது."

அந்த ஒரு பதிலில் என் மூச்சு திரும்பியது. காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். அவன் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. புதுப் பேடு தடிமனாக இருக்கும். அதை நுழைக்க, காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னால் தள்ளவேண்டும். தள்ளிய பிஸ்டன் மறுபடி முன்னே வந்து பேடைத் தொடும் வரை பெடலுக்குப் பிடிமானம் இருக்காது. நின்ற இடத்திலேயே மெதுவாகப் பலமுறை மிதிக்கச் சொன்னேன். ஏழெட்டு மிதியில் பெடல் கல்லாக நின்றது. பிரேக் ஆயில் அளவைப் பார்த்தோம். சக்கரத்தைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தோம். பத்து நிமிட வேலை. பையன் என்னைப் பெரிய மேதையைப் போலப் பார்த்தான்.

அவன் பார்வையை நான் அப்படியே வாங்கிக்கொள்ள முடியவில்லை. 1997இல் இதே போன்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் பிரேக் என்ற பொருளின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். அது தெரிந்தால்தான் என் தப்பு எவ்வளவு பழைய தப்பு என்று விளங்கும்.

மோட்டார் வண்டி வந்த புதிதில் பிரேக் என்றால் குதிரை வண்டியில் இருந்ததுதான். ஒரு மரக்கட்டை சக்கரத்தின் மேல் அழுந்தும், அவ்வளவே. ரப்பர் டயர் வந்ததும் அந்தக் கட்டை டயரையே தின்னத் தொடங்கியது. 1902இல் பிரான்சில் லூயி ரெனோ, சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் உருளைக்குள் இரண்டு லாடங்கள் விரிந்து உரசும்படி அமைத்தார். இன்றும் பல கார்களின் பின் சக்கரத்தில் இருக்கும் டிரம் பிரேக்கின் அடிப்படை அதுதான். அதே 1902இல் இங்கிலாந்தில் லான்செஸ்டர், சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்கு உரிமம் வாங்கினார். உலோகத்தோடு உலோகம் உரசிய அந்தப் பிரேக் ஊரைக் கூட்டும் அளவுக்குக் கத்தியதாம். அதனால் அது ஐம்பது வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

டிரம் வந்தும் ஒரு பெரிய குறை தீரவில்லை. காலின் பலத்தைச் சக்கரம் வரை கொண்டு போனது இரும்புக் கம்பியும் கேபிளும். ஒரு கேபிள் நீண்டுவிட்டால் ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும், இன்னொன்று சும்மா இருக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். 1920களின் தொடக்கம் வரை பெரும்பாலான கார்களில் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், குலுங்கவும் வேண்டும். அதற்குக் கம்பி இழுத்துச் சமமாக வைப்பது லேசான காரியமில்லை.

இதற்கான விடை இரண்டரை நூற்றாண்டுக்கும் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. எழுதியவர் பிளேஸ் பாஸ்கல். 1623இல் கிளெர்மோனில் பிறந்தவர். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது அவர் கண்ட விதி. சிறிய பிஸ்டனை அழுத்தினால், அதைப்போல ஐந்து மடங்கு பரப்புள்ள பெரிய பிஸ்டனில் ஐந்து மடங்கு பலம் கிடைக்கும். பதிலுக்குச் சிறிய பிஸ்டன் ஐந்து மடங்கு தூரம் நகரவேண்டும். இயற்கை சும்மா ஒன்றும் தராது. அந்த நூல் அவர் இறந்த மறுவருடம், 1663இல் வெளிவந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு 'பிரெஸ் இத்ரோலிக்' படத்தை வரைந்து மனப்பாடமாக ஒப்பித்தது நினைவிருக்கும். ஒரு பக்கம் ஒல்லிக் குழாய், மறு பக்கம் குண்டுக் குழாய், நடுவில் தண்ணீர். நானும் ஒப்பித்து நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான்.

எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குப் பாஸ்கல் இன்னொரு விதத்திலும் வேண்டியவர். அவருடைய தகப்பனார் ரூவான் நகரத்தில் வரி வசூல் அதிகாரி. அப்பா இரவெல்லாம் கணக்குப் போட்டுக் கஷ்டப்படுவதைப் பார்த்து, பத்தொன்பது வயதில் பல் சக்கரங்களால் ஒரு கூட்டல் இயந்திரத்தை உருவாக்கத் தொடங்கினார். எங்கள் அலுவலகத்தில் முதன்முதலாகக் கால்குலேட்டர் வந்த அன்று, தெரிந்தோ தெரியாமலோ நாங்கள் கும்பிட்டது அவரைத்தான்.

பாஸ்கல் விதியைக் காரின் சக்கரத்துக்குக் கொண்டு வந்தவர் அமெரிக்கர் மால்கம் லாக்ஹீட். விமானக் கம்பெனி நடத்திய லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவர். குடும்பப் பெயரின் எழுத்தைப் பார்த்து ஊரார் 'லாக்ஹெட்' என்று தப்பாகப் படித்ததால் எழுத்தையே மாற்றிக்கொண்டார்கள். 1917 வாக்கில் அவர் ஹைட்ராலிக் பிரேக்குக்கு உரிமம் கோரினார். 1921இல் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்திலும் அதைப் போட்டு வந்தது. ஆனால் அது விலை உயர்ந்த கார். 1924இல் கிரைஸ்லர் தன் புதுக் காரில் போட்டபோதுதான் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டியது. ஆரம்பத்தில் பிஸ்டனைச் சுற்றித் தோல் வாஷர் வைத்திருந்தார்கள். அது கசிந்தது. கிரைஸ்லரின் பொறியாளர்கள் ரப்பருக்கு மாறிய பிறகே நம்பிக்கை பிறந்தது.

எல்லோரும் நம்பிவிடவில்லை. ஹென்றி ஃபோர்டு குழாயில் ஓடும் எண்ணெயை நம்பாமல் 1938 வரை இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். 1939 மாடலில்தான் இறங்கி வந்தார். பிடிவாதக்காரர் என்று சிரிக்கலாம். அவர் பயத்திலும் நியாயம் உண்டு. கம்பி அறுந்தால் ஒரு சக்கரம் போகும். எண்ணெய்க் குழாய் ஓரிடத்தில் உடைந்தால் நான்கும் போகும். இந்தப் பயத்துக்குப் பதிலாக வந்ததுதான் இரட்டைச் சுற்று. மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன். ஒரு சுற்று உடைந்தாலும் மற்றது பிடிக்கும். 1962இல் கேடிலாக் போன்ற கார்களில் வந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் சட்டமே ஆயிற்று. இடையில் டிஸ்க் பிரேக்கும் திரும்பி வந்தது. 1953இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் அதைப் போட்டு ஜெயித்தது. 1955இல் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோவேன் டிஎஸ் முன் சக்கரங்களில் அதைப் போட்டு வந்து நின்றது. அந்தக் காரில் வழக்கமான பிரேக் பெடலே கிடையாது. காளான் மாதிரி ஒரு ரப்பர்க் குமிழ். காலால் லேசாகத் தொட்டால் போதும்.

இந்த வரலாற்றையெல்லாம் ஓரளவு தெரிந்து வைத்திருந்தவன்தான் 1997இல் தன் பழைய வெள்ளை மாருதியின் முன் சக்கரங்களைக் கழற்றினான்.

கடற்காற்று உள்ள ஊர் நம்முடையது. முன் காலிப்பர்களில் பிஸ்டன் துரு ஏறி இறுகி, பிரேக் விட்ட பிறகும் சக்கரம் சூடாக இருந்தது. திங்கட்கிழமை விடியற்காலை மனைவியோடு திண்டிவனத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும். மெக்கானிக்குக்கு ஞாயிறு விடுமுறை. ரப்பர் கிட் வாங்கி நாமே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். உதவிக்கு என் மனைவியின் தம்பி. இரண்டு காலிப்பரையும் ஒரே நேரத்தில் கழற்றி, ஒரே தட்டில் போட்டு, சுத்தமாகக் கழுவி, புது ரப்பர் போட்டு, மறுபடி பூட்டினோம். பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது.

அடுத்து ஏர் எடுக்கும் வேலை. குழாயைத் திறந்து மூடினால் உள்ளே காற்று புகுந்திருக்கும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரில் உள்ள நிப்பிளைத் திறந்து காற்றையும் எண்ணெயையும் வெளியே விட்டு, மூடிய பிறகே பெடலை விடவேண்டும். காற்றுக்குமிழி வராமல் எண்ணெய் மட்டும் வரும் வரை செய்யவேண்டும். மைத்துனன் மிதித்தான், நான் திறந்தேன். அரை லிட்டர் டப்பா காலியாயிற்று. இன்னொன்று வாங்கி வந்தோம். அதுவும் முக்கால்வாசி போயிற்று. நிப்பிளில் குமிழியே வரவில்லை. ஆனால் பெடல் மட்டும் பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல அமுங்கியது. மூன்று முறை படபடவென்று மிதித்தால் கொஞ்சம் மேலே வந்து பிடித்தது.

"உள்ளே காத்து இருக்கு மாமா. காத்து சுருங்கும். பாயில் விதி" என்றான் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன்.

"பாயிலாவது! அது லுவா த மரியோத்" என்றேன் நான். காற்றை அழுத்தினால் கன அளவு குறையும் என்ற அதே விதியை இங்கிலீஷ்காரர்கள் பாயில் பெயரிலும் பிரெஞ்சுக்காரர்கள் மரியோத் பெயரிலும் சொல்வார்கள். பாயில் 1662இல் சொன்னார், மரியோத் 1676இல் சொன்னார். யார் முந்தி என்று இரண்டு பேரும் கால் மணி நேரம் சண்டை போட்டோம். காற்று எங்கே இருக்கிறது என்று ஒருவரும் தேடவில்லை.

மாலை ஏழு மணி. இருட்டிவிட்டது. "மூணு மிதி மிதிச்சா பிடிக்குதே மாமா, போதும். திங்கக்கிழமை திரும்பி வந்து பாய்கிட்ட காட்டிக்கலாம்" என்றான். எனக்கும் அதுவே வேண்டியிருந்தது. சரி என்றேன்.

விடியற்காலை ஐந்தரை. முத்தியால்பேட்டை மணிக்கூண்டு அருகே ஒரு பால்காரர் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் தொங்க, சந்திலிருந்து திரும்பினார். நான் மிதித்தேன். பெடல் போய்க்கொண்டே இருந்தது. மூன்று தடவை மிதிக்க நேரம் கொடுத்து யாரும் குறுக்கே வருவதில்லை. இரண்டாவது மிதியோடு கைப்பிரேக்கை இழுத்தேன். வண்டி நின்றது, ஆனால் பம்பர் அவருடைய பின் சக்கரத்தைத் தட்டிய பிறகு. அவர் கீழே விழுந்தார். பால் ரோட்டில் வெள்ளையாக ஓடியது. முழங்கையில் ரத்தம்.

கைப்பிரேக்குக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. அது வெறும் கேபிள், பின் சக்கரத்துக்குப் போவது. தொண்ணூற்றைந்து வருடத்துக்கு முந்தைய ரெனோ காலத்துக் கம்பிதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. என் வண்டியில் இரட்டைச் சுற்றும் இருந்தது. ஒரு பக்கம் கெட்டால் மறு பக்கம் காப்பாற்றத்தான் அது. இரண்டு பக்கமும் ஒரே தப்பைச் செய்கிற ஆளிடமிருந்து காப்பாற்ற அதனால் முடியாது.

அந்தத் தப்பைப் பாய் அன்று காலையே கண்டுபிடித்தார். கல்யாணத்துக்குப் பேருந்தில் மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனோம். அவர் பெடலைத் தொடவே இல்லை. சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "நிப்பிள் கீழே இருக்கு முசே" என்றார்.

அவ்வளவுதான். வலது காலிப்பரை இடதிலும், இடதை வலதிலும் பூட்டியிருந்தோம். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், பூட்டவும் பூட்டலாம். ஆனால் மாற்றிப் போட்டால், மேலே இருக்கவேண்டிய நிப்பிள் கீழே வந்துவிடும். எண்ணெயில் மாட்டிய காற்று மேலேதான் போய் உட்காரும். கீழே திறந்த வாயில் சுத்தமான எண்ணெய் மட்டும் வரும். டப்பா டப்பாவாக ஊற்றினாலும் மேலே பூட்டிய காற்று அங்கேயே இருக்கும். 'பிரெஸ் இத்ரோலிக்' படத்தை மனப்பாடமாக வரைந்தவனுக்கு, காற்று மேலே போகும் என்ற குழந்தைக்கும் தெரிந்த விஷயம் தோன்றவில்லை. பாய் இரண்டையும் இடம் மாற்றினார். ஏர் எடுத்தார். முதல் நான்கு மிதியில் புஸ்ஸென்று காற்று வந்தது. ஒன்றேகால் மணி நேரத்தில் பெடல் கல்.

பாஸ்கலுக்கும் மைத்துனர் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மலை மேல் காற்றழுத்தம் குறையும் என்பதை நிரூபிக்க, பாரிசில் இருந்த பாஸ்கல் தன் அக்காள் கணவர் ஃப்ளோரேன் பெரியேவுக்கு எழுதினார். அவர் 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசக் குழாயோடு புய் த தோம் மலை ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அவர் ஒருமுறை பார்த்துத் திருப்தியடையவில்லை. கோயிலுக்குள், வெளியே, காற்றில், மூடுபனியில் என்று உச்சியிலேயே பலமுறை அளந்தார். அடிவாரத்தில் இன்னொரு குழாயை வைத்து, நாள் முழுக்க ஒருவரைக் காவலிருக்கச் செய்தார். நாங்கள் இரண்டு பேர் பஞ்சாக அமுங்கிய பெடலைப் பார்த்துக்கொண்டே 'போதும்' என்றோம்.

பிரேக் வேலையைச் சொந்தமாகச் செய்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சேர்ந்த சில குறிப்புகள். வேலை முடிந்த பிறகு பெடல் பஞ்சாக இருந்து, அடுத்தடுத்து மிதித்தால் மேலே வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. நிப்பிள் மேல் நோக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போய்விட்டது. பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை ஓங்கி மிதித்தால், சிலிண்டரில் துரு படிந்த இடத்தில் வாஷர் உரசிக் கிழியும். பாதி மிதி போதும். டிரம் உள்ள வண்டியில் பெடல் தாழ்வாக இருந்தால் லாடத்தின் இடைவெளியைச் சரிசெய்யாமல் விட்டிருக்கலாம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கத்துப் பேடில் கிரீஸ் பட்டிருக்கலாம், அல்லது பிஸ்டன் இறுகியிருக்கலாம். சக்கரம் சுட்டுத் தீய்ந்த வாசனை வந்தால் பிரேக் விடவில்லை என்று பொருள்.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். அந்தக் காலத்தில் விளக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து பிரேக் ஆயில் செய்தார்கள். இன்றைய சாதாரண எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. 'டாட் 3' வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவி என்றால் மறுபடி பஞ்சு. திறந்து பல மாதம் கிடந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். எஞ்சின் ஆயிலை மறந்தும் ஊற்றாதீர்கள்; ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, நின்ற இடத்தில் திருப்தி இல்லாத பிரேக்கோடு தெருவில் இறங்காதீர்கள்.

பால்காரர் விஷயத்தை முடிக்கவேண்டும். அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். காயத்துக்கு மருந்து போட்டோம். பாலுக்கும் சைக்கிளுக்கும் பணம் கொடுத்தேன். "என்ன சார், பிரேக் இல்லையா?" என்று கேட்டார்.

"திடீர்னு போயிடுச்சுப்பா" என்றேன்.

அலுவலகத்தில் எத்தனை விபத்து அறிக்கைகளில் 'எதிர்பாராத இயந்திரக் கோளாறு' என்று தட்டச்சு செய்திருக்கிறேன்! வாய் தானாகவே அந்த வாக்கியத்துக்குப் போய்விட்டது. திடீரென்று ஒன்றும் போகவில்லை. ஞாயிறு மாலை நான்கு மணியிலிருந்து அந்தப் பெடல் என் காலடியில் சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

அவர் நம்பிவிட்டார். "வண்டி என்ன சார் பண்ணும், பாவம். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பல வருடம் அதே தெருவில் அவரைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். சொல்லவில்லை. இப்போது அவரைக் காண்பதில்லை.

எதிர்வீட்டுப் பையன் வண்டியை எடுக்காமல் வந்து கேட்டானே, அதற்காக அவனைப் பாராட்டினேன். ஏன் அவ்வளவு பாராட்டினேன் என்று அவனுக்குப் புரிந்திருக்காது. இதைப் படித்தால் புரியும்.